கார் தெருவில், குப்பை ஷெட்டில்: நான்கு சனிக்கிழமைகளில் கார் ஷெட்டை மீட்கும் வழி

எங்கள் தெருவில் கார் ஷெட் உள்ள வீடுகள் பதினொன்று. அவற்றில் கார் நிற்பது மூன்றில்தான். மற்ற எட்டு வீட்டுக் கார்களும் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கின்றன. பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி வெயிலில் காய, இருநூறு ரூபாய் பெறாத உடைந்த ஏர்கூலர் நிழலில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். போன தை மாதம் வரை எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

எங்கள் ஷெட்டில் கிடந்தவற்றைச் சொன்னால் உங்கள் வீட்டுப் பட்டியல் போலவே இருக்கும். வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், அரை மூட்டை சிமென்ட், காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், பி.வி.சி. குழாய்த் துண்டுகள், கொலுப்படிகள், கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, உயிர்போன இன்வெர்ட்டர் பேட்டரி, மூன்று டயர்கள், ஓடாத ஸ்கூட்டர், டிவி வந்த அட்டைப்பெட்டி. அந்த டிவியைக் கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பெட்டி மட்டும் பத்திரமாக இருந்தது.

இத்தனையும் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவை: "இருக்கட்டும்." எதற்காவது ஆகும், இருக்கட்டும். யாராவது கேட்பார்கள், இருக்கட்டும். இடம் போதாததால்தான் ஷெட் நிறைகிறது என்று நானும் முதலில் நினைத்தேன். கடைக்குப் போய் இரண்டு இரும்பு ரேக் வாங்கி வந்தேன். இரண்டே மாதத்தில் ரேக்குகளும் நிறைந்தன, தரையும் பழையபடியே கிடந்தது. ரேக் என்பது அந்த "இருக்கட்டும்" என்ற சொல்லுக்கு நாமே போட்டுக்கொடுக்கும் நாற்காலி. அதனால் இந்த வழிகாட்டியில் ரேக் பற்றிய பேச்சு நான்காவது சனிக்கிழமைதான் வரும். அதுவரை கடைப்பக்கம் போகாதீர்கள்.

எப்போது தொடங்குவது

தை, மாசி மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் எடுத்து வைத்த சாமான் அடுத்த மழையில் ஊறிவிடும். சித்திரையில் தகரக் கூரையின் கீழ் அரைமணி நேரம் நிற்க முடியாது. பலர் போகிக்கு முந்தைய நாள்தான் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அதில் ஒரு வினை இருக்கிறது: என்ன செய்வதென்று தெரியாத எல்லாவற்றையும் விடியற்காலையில் கொளுத்திவிடத் தோன்றும். 2018 போகியன்று எழுந்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. டயரும் ஒயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் பொருள்கள் அல்ல. பொங்கல் முடியட்டும், நிதானமாகத் தொடங்கலாம்.

ஒரே நாளில் முடித்துவிடும் வீராப்பு வேண்டாம். காலை ஆறரைக்குத் தொடங்குபவருக்கு மதியம் மூன்று மணிக்குக் கை ஓய்ந்துவிடும். அதன் பிறகு வாசலில் கிடப்பதையெல்லாம் அப்படியே உள்ளே தள்ளி ஷட்டரை இழுத்துவிடுவோம். அந்த ஒரு தோல்விக்குப் பிறகு மறுபடி ஷட்டரைத் திறக்க இரண்டு ஆண்டுகள் ஆகும்.

முதல் சனிக்கிழமை: தரை மட்டும்

மூடிய காலணி, கனமான கையுறை, டார்ச், நீளக் கழி. இவை இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். செங்கல் அடுக்கு, டைல்ஸ் அடுக்கு, தேங்காய் மட்டைக் குவியல் ஆகியவை தேளுக்கும் பூரானுக்கும் சொந்த வீடு. கட்டுவிரியனும் பகலில் இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் சுருண்டு கிடக்கும். முதலில் ஷட்டரைத் திறந்துவிட்டுக் கழியால் தரையைத் தட்டி, கால்மணி நேரம் விடுங்கள். பலகையையோ கல்லையோ தூக்கும்போது உங்கள் பக்க விளிம்பைத் தூக்கக் கூடாது. எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கிச் சாய்த்தால், அடியில் இருப்பது உங்களை விட்டு விலகி ஓடும். பாம்பு தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பிடித்துப் போக வருவார்கள். கடித்துவிட்டாலோ கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடியில் வலியே தெரியாமல் போகலாம் என்பதால் "எறும்பாக இருக்கும்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

இன்று தரையில் கிடப்பதை மட்டும் தொடுங்கள். வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்து எல்லாவற்றையும் அதன்மேல் கொண்டுவந்து வையுங்கள். யோசிக்கத் தேவையே இல்லாதவை முதலில் போகட்டும்: அட்டைப்பெட்டிகள், விரிசல் விட்ட பக்கெட், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கல்லாகிப்போன சிமென்ட். சிமென்ட் மூட்டை மூன்று மாதம் தாண்டினாலே வலு குறையத் தொடங்கிவிடும். கையில் எடுத்து அழுத்தினால் பொடியாகாமல் கட்டியாகவே நின்றால், அதை வைத்துத் துளசி மாடம்கூடக் கட்டாதீர்கள்.

டயர்களையும் இன்றே வெளியேற்றுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு டயருக்குள் தேங்கும் அரை டம்ளர் மழைநீர் போதும். அதன் முட்டை ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். "தண்ணீர் இல்லையே, காய்ந்துதானே கிடக்கிறது" என்ற சமாதானம் அதனால் செல்லாது. வண்டிக்கு மாற்று டயராக வைத்திருக்கிறீர்கள் என்றால் அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) நன்றாக இருந்தாலும் அத்தனை பழைய ரப்பரை நம்பி நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

இரண்டாவது சனிக்கிழமை: சண்டை வரும் நாள்

இன்று சுவரோரம், பரண், பெட்டிகள். வீட்டில் முடிவு சொல்லும் உரிமை உள்ள எல்லோரும் இன்று இருக்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாதபோது அவருடைய சாமானைக் கழிப்பவர் அந்தப் பொருளைப் பற்றி ஆயுளுக்கும் பேச்சுக் கேட்பார். என் சித்தப்பா ஒரு ஹார்மோனியப் பெட்டிக்காக இன்றுவரை பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இது இல்லாமல் போனால், தேவைப்படும் நாளில் கடையில் கிடைக்குமா?" ஆணி கிடைக்கும். குழாய்த் துண்டு கிடைக்கும். தரையில் பதித்த அதே டைல்ஸ் கிடைக்காது. கம்பெனிக்காரன் அந்த வகையை நிறுத்தியிருப்பான், நிறுத்தாவிட்டாலும் அடுத்த தொகுப்பில் நிறம் அரைப்புள்ளி மாறியிருக்கும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் எட்டுப் பத்து டைல்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் அச்சடித்த எண்ணைக் கத்தரித்துக் கூடவே ஒட்டுங்கள். பெயின்ட் அப்படியல்ல. டப்பாவின் மேல் உள்ள நிற எண்ணைப் படம் எடுத்துக்கொண்டால் கடையில் அதையே கலந்து தருவார்கள். டப்பாவைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் சுவரோரம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. பூட்டுக்குச் சாவி இல்லை.

"அம்மா, இதில் என்ன இருக்கிறது?"

"உன் அப்பாவின் சாமான். இருக்கட்டும்."

"திறந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறேன்."

அம்மா பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். கொண்டியை ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். மேலே தளம் சமமா என்று காட்டும் துருப்பிடித்த ரசமட்டம், சுவர் நேரா என்று பார்க்கும் ஒரு தூக்குக்குண்டு, அதில் இன்னும் சுற்றியிருந்த நூல். அடியில் செய்தித்தாள் பரப்பி, அதற்கும் அடியில் நீல நிற வீட்டு வரைபடம். நகராட்சி முத்திரை, 1993. ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு அப்பா பென்சிலால் எழுதியிருந்தார்: "ஷெட் 10 × 18. பிறகு கார் வாங்கினால்." அப்பா கார் வாங்கவில்லை, சைக்கிளைத்தான் அங்கே நிறுத்தினார். அந்த வரைபடத்தை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்தோம். ரசமட்டம் நான்காவது சனிக்கிழமை ரேக்கைச் சமமாக நிறுத்தும் வேலைக்கு வந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி: பெட்டி, பழைய டைரி, காலண்டர் உறை, நோட்டு எதையும் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். பட்டா நகல், வில்லங்கச் சான்று, இன்சூரன்ஸ் பத்திரம், வண்டியின் ஆர்.சி. புத்தகம் இவையெல்லாம் செய்தித்தாள் கட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாமர்த்தியம் உள்ளவை.

முடிவே வராத பொருள்கள் நிச்சயம் இருக்கும். அவற்றுக்கு ஒரே ஒரு பெட்டி ஒதுக்குங்கள். மேலே "இருக்கட்டும்" என்று எழுதி, அன்றைய தேதியையும் போடுங்கள். பெட்டி நிறைந்தால் இன்னொரு பெட்டி கிடையாது. புதிதாக ஒன்று உள்ளே போக வேண்டுமானால் பழையது ஒன்று வெளியே வர வேண்டும்.

அன்று மாலையே வாசலைத் தாண்ட வேண்டும்

பிரித்து வைத்த குவியல் இரவு வாசலிலேயே தங்கினால் காலையில் பாதி உள்ளே திரும்பியிருக்கும். மழைக்குப் பயந்து ஒருவர் எடுத்து வைப்பார், பாசத்தால் இன்னொருவர் எடுத்து வைப்பார். பழைய இரும்புக் கடைக்காரரிடம் முன்தினமே சொல்லிவையுங்கள்.

அவர் வருவதற்கு முன் நீங்களே எடை பாருங்கள். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறுங்கள், கழித்தால் கணக்கு வந்துவிடும். செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு நான்கையும் தனித்தனியாகக் கட்டுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும். பித்தளைக் குழாயும் நிக்கல் பூச்சால் வெள்ளையாகத் தெரியும் என்பதால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை. இதை எங்கள் கடைக்காரர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், என் பைப்புகளை இரும்போடு சேர்த்து எடை போட்டு முடித்த பிறகு.

அவரிடம் போகக் கூடாதவையும் உண்டு. இன்வெர்ட்டர் அல்லது கார் பேட்டரிக்குள் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. சாய்க்காமல் நிமிர்த்தியே தூக்குங்கள், புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் கடமை என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். சுருள் பல்பிலும் பாதரசம் இருப்பதால் உடைக்காமல், பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டிலோடு தனிப் பையில் கட்டித் துப்புரவுப் பணியாளரிடம் "இது அபாயக் கழிவு" என்று சொல்லிக் கொடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் உடைந்த துண்டுகள் கிடந்தால் மேலும் உடைக்கவோ, காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

ஓடாத ஸ்கூட்டரை இரும்பு விலைக்குக் கொடுக்க மனம் தூண்டும். பதிவை ரத்து செய்யாமல் கொடுத்தால் அந்த வண்டி எங்கே எதற்குப் பயன்பட்டாலும் ஆவணத்தில் உரிமையாளர் நீங்கள்தான். 2021-இல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற வாகனச் சிதைப்பு மையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துகொள்ளலாம். அலைச்சல்தான். எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாவது சனிக்கிழமை: காலி ஷெட்

வைத்துக்கொள்வதென்று முடிவான சாமான்களை ஒருநாள் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு ஷெட்டைக் காலியாகப் பாருங்கள். பல ஆண்டுகளில் முதல்முறையாகச் சுவர் தெரியும். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். கோட்டை ஓரிடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு உடைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி மூடியிருந்தால் கரையான் உயிரோடு வேலை செய்கிறது, ஆளைக் கூப்பிட்டு மருந்து அடிக்க வேண்டும். மூடாமல் இருந்தால் பழைய கதை, சுரண்டிவிடலாம்.

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று இரவில் உள்ளே விளக்குப் போட்டு வெளியிலிருந்து பாருங்கள். அரை அங்குலம் எலிக்குப் போதும். ஷெட்டுக்குள் எலி நுழைந்தால் அடுத்து அது போகுமிடம் காரின் பானெட், கடிப்பது ஒயரை. ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை பொருத்துங்கள். தவிடு, புண்ணாக்கு, அரிசி மூட்டை இனி இங்கே வேண்டாம்.

பிறகு வெள்ளையடியுங்கள். வெளிச்சம் இரட்டிப்பாகும், புதிதாக ஒரு கரையான் கோடு வந்தாலும் உடனே கண்ணில் படும். மின்சார வேலையும் இன்றே முடியட்டும்: ஒரு நீள எல்.இ.டி. விளக்கு, வாக்குவம் கிளீனருக்கோ டிரில்லுக்கோ எர்த்துடன் ஒரு பிளக். எங்கள் ஷெட்டில் இருபது ஆண்டுகளாக எரிந்தது ஒரே ஒரு மஞ்சள் பல்பு. இருட்டாக இருந்ததாலேயே அத்தனை குப்பையும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான்காவது சனிக்கிழமை: முதலில் கார், பிறகு ரேக்

ரேக்கை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் காரை நுழைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. தலைகீழாகச் செய்யுங்கள். காலி ஷெட்டுக்குள் காரை ஓட்டி நிறுத்தி, ஓட்டுநர் கதவை முழுதும் திறந்து, தரையில் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே எதுவும் வரக் கூடாது.

எங்கள் கணக்கு இது. வண்டி வேகன்-ஆர்: நீளம் 3,655 மில்லிமீட்டர், அதாவது 12 அடி. அகலம் 1,620, ஏறக்குறைய ஐந்தேகால் அடி. ஷெட் அப்பா எழுதியபடி 10 × 18 அடி. வலப்பக்கம் கதவு திறந்து இறங்க 3 அடி விட்டால் இடப்பக்கம் மிஞ்சுவது ஒன்றேமுக்கால் அடிதான், அதிலும் கண்ணாடி அரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே இடப்பக்கச் சுவரில் ரேக் வைக்க வழியில்லை. ஏணி, கடப்பாரை, மண்வெட்டி போன்று சுவரோடு ஒட்டித் தொங்கும் சாமான்கள் மட்டும். இடப்பக்கம் உட்காருபவர் வெளியிலேயே இறங்கிக்கொள்ள வேண்டும். என் மனைவி முதல் வாரம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டது. நீளத்தில் 6 அடி மிஞ்சியது. பின்சுவரில் ஒன்றரை அடி ஆழத்தில் ரேக், அதற்கும் பானெட்டுக்கும் நடுவே நடக்க இரண்டரை அடி, ஷட்டர் பக்கம் 2 அடி. முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு மரக்கட்டையை அறைந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது ரேக் கடைக்குப் போகலாம். துளை போட்ட ஆங்கிள் ரேக்கே போதும். தட்டுகளை வேண்டிய உயரத்தில் மாற்றிக்கொள்ளலாம், பிற்காலத்தில் கழற்றி விற்கலாம். மூலைகளில் முக்கோணத் தகடு போட்டு முடுக்கச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் ரேக் குடிகாரனைப் போல் ஆடும். ரேக்கின் உச்சியைச் சுவரோடு பிணைத்துவிடுவது நல்லது. செங்கல் சுவரானால் துளைக்குள் பிளாஸ்டிக் பிளக் அடித்தால் ஸ்குரூ பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால் கனமான எதையும் அதை நம்பித் தொங்கவிடாதீர்கள். ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் ஈரமும் கரையானும் மறைந்து ஏற முடியாது.

அடுக்கும் முறை எளிது. டைல்ஸும் அண்டாவும் கீழ்த்தட்டில், கனம் என்பதால். கண் மட்டத்தில் வாரம் ஒருமுறை கை போகும் ஸ்பானர், டெஸ்டர், சைக்கிள் பம்பு. உச்சியில் வருடம் ஒருமுறை இறங்கும் கொலுப் பொம்மைப் பெட்டிகளும் கார்த்திகை அகல்விளக்குகளும். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள், "இதர" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆணி, ஸ்குரூ, நட்டு மூன்றுக்கும் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில். அளவு வாரியாகப் பிரிக்கும் வேலையில் இறங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும், இரண்டே வாரத்தில் மறுபடி கலந்துவிடும்.

பெட்ரோல், தின்னர் இரண்டையும் ஷெட்டில் வைக்காதீர்கள். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி சுவிட்சின் பொறிக்காகக் காத்திருக்கும். சமையல் எரிவாயுவும் அப்படித்தான், ஆகவே உபரி சிலிண்டருக்கும் இங்கே இடமில்லை.

பிறகு

முதல் மாதம் சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு மூங்கில் கூடை வந்தது, அடுத்து ஒரு பழைய மெத்தை. கார் தினமும் உள்ளே வந்து நின்றதால் இரண்டும் ஒரு இரவுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஷெட்டைக் காக்க எங்களுக்கு வேறு காவல் தேவைப்படவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் "இருக்கட்டும்" பெட்டியை இறக்கினோம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு பொருள்கள். எட்டு மாதத்தில் அதிலிருந்து வெளியே எடுத்தது ஒன்றே ஒன்று, கிணற்று மோட்டாருக்கான ஒரு பெரிய ஸ்பானர். அதைக் கழுவிச் சந்தனம் வைத்து ரசமட்டத்துக்குப் பக்கத்தில் பூஜையில் வைத்தோம். மற்ற முப்பதையும் அம்மாவே தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரின் தராசில் வைத்தார். ஏழரைக் கிலோ.